மூன்றே முக்கால் அங்குல வீரர்கள்: ஜி.ஐ. ஜோ பொம்மைகளும் நினைவேக்கமும்

1. எடுத்துக்கொண்ட பொருள்

சிறுவயதில் விளையாடிய பொம்மைகளை நாற்பது, ஐம்பது வயதில் தேடித் தேடி வாங்குவோர் அமெரிக்காவில் ஏராளம். அவர்களுடைய ஏக்கத்தை விளம்பரம் ஊட்டிய ஆசையின் மிச்சம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. 1982 முதல் 1994 வரை ஹாஸ்ப்ரோ நிறுவனம் வெளியிட்ட 3¾ அங்குல ஜி.ஐ. ஜோ வரிசையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை வேறொன்றை நிறுவ முயல்கிறது. அந்தப் பொம்மையைக் கொண்டு பிள்ளையின் கை என்ன செய்தது என்பதில்தான் இந்த ஏக்கம் வேர்கொண்டுள்ளது. ஆகவே ஆய்வாளனுக்குத் தேய்ந்த பொம்மையே முதன்மைச் சான்று.

2. முன்வரலாறு

1964இல் ஹாஸ்ப்ரோ ஜி.ஐ. ஜோ என்ற 12 அங்குல உயரப் படைவீரன் ஒருவனைக் கடைக்குக் கொண்டுவந்தது. உடை மாற்றி விளையாடும் பொம்மை பெண்பிள்ளைகளுக்கே உரியது என்று நம்பிய காலம் அது. அதனால் ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று புதுப்பெயர் சூட்டி விற்றார்கள். வியட்நாம் போரின்போது படைவீரப் பொம்மைக்கு இருந்த மதிப்புக் குறைந்தது. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடி பிளாஸ்டிக்கின் விலையை ஏற்றியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரிய ஜோ கடைகளிலிருந்து மறைந்தான்.

1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படம் வந்தபோது, சின்சினாட்டியின் கென்னர் நிறுவனத்தால் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. சான்றிதழ் வைத்த அட்டை உறையை மட்டும் விற்றார்கள். நான்கு பொம்மைகள் அடுத்த ஆண்டில் அஞ்சலில் வந்து சேர்ந்தன. கென்னர் கையாண்ட 3¾ அங்குல அளவு மலிவானது. மேலும், வீரன் ஏறி அமரக்கூடிய விமானத்தையும் வண்டியையும் வீட்டுக்குள் அடங்கும் அளவில் செய்ய அது வழிவிட்டது. ஐந்தாண்டு கழித்து ஜோ திரும்பியது இதே அளவில்தான்.

3. உடலும் உறையும்

புதிய ஜோவின் இடுப்புக்குள் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. கால்களை இணைக்கும் கொக்கியை அந்த வளையம் மேல்நோக்கி இழுத்து, மார்புப் பகுதியோடு பிணைத்து வைத்தது. முதுகில் ஒரே ஒரு திருகாணி. சின்னத் திருப்புளி கிடைத்த பிள்ளை அதைக் கழற்றி, ஒருவனுடைய கையை இன்னொருவனுக்கு மாட்டி, கடையில் கிடைக்காத மூன்றாம் ஆளை உருவாக்கினான். 1983இல் முழங்கைக்கு மேலே திரும்பும் மூட்டு வந்ததும் துப்பாக்கியை இரண்டு கைகளாலும் பிடிக்க முடிந்தது. கட்டைவிரல் ஒடிந்த ஜோ, கால் கழன்ற ஜோ எல்லாம் இந்தக் கையாளலின் விளைவுகள்.

உறையின் அட்டை இன்னும் தெளிவான சான்று. அதன் பின்புறத்தில் அந்த வீரனின் ஊர், பயிற்சி, குணம் ஆகியவற்றைச் சொல்லும் குறிப்பு அச்சாகியிருந்தது. ஆரம்ப ஆண்டுகளின் குறிப்புகளை எழுதியவர், மார்வெலின் ஜி.ஐ. ஜோ காமிக்ஸையும் எழுதிய லாரி ஹாமா. சில வரிகளுக்குள் ஓர் ஆளை நிறுத்திக் காட்டும் திறம் அவருக்கு வாய்த்திருந்தது. அந்தக் குறிப்பைக் கத்தரித்து எடுக்க வேண்டும். அஞ்சலில் வேறு பொம்மை பெறுவதற்கான கொடிச் சின்னங்களையும் உறையிலிருந்து கத்தரித்துத்தான் அனுப்ப வேண்டும். உறையை வெட்டினால்தான் விளையாட்டு முழுமை பெறும் என்று தயாரித்தவர்களே வகுத்திருந்தார்கள். இன்று பிரிக்காத உறைக்குக் கிடைக்கும் மதிப்பை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்நேக் ஐஸ் தனியே குறிப்பிடத்தக்கவன். வண்ணப்பூச்சுச் செலவைக் குறைப்பதற்காக முதல் வரிசையில் ஒருவனை முழுக்கக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் விட்டார்கள். முகம் தெரியாது, காமிக்ஸில் அவன் பேசவும் மாட்டான். அவனே வரிசையின் பெரும் நாயகன் ஆனான். முகமும் குரலும் தருவது பிள்ளையின் பொறுப்பாகிவிட்டதே அதற்குக் காரணம் என்பது என் கருத்து.

4. எதிர்வாதம்

எல்லாம் விற்பனைத் தந்திரமே என்போரிடம் வலுவான ஆதாரங்கள் உண்டு. பொம்மை விளம்பரங்களில் கார்ட்டூன் காட்சிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், ஹாஸ்ப்ரோ காமிக்ஸ் புத்தகத்துக்குத் தொலைக்காட்சியில் கார்ட்டூன் விளம்பரம் செய்தது. 1984இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் விளம்பர நேரக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும், அரைமணி நேர நிகழ்ச்சியே விளம்பரமானது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1957இல் வெளிவந்த ‘மித்தாலஜீஸ்’ நூலில் ரோலான் பார்த், இக்காலப் பொம்மைகள் பிள்ளையைப் படைப்பாளியாக்காமல் உடைமையாளனாகவும் பயன்படுத்துவோனாகவும் மட்டுமே வைக்கின்றன என்று கண்டித்தார்.

பார்த்தின் கவலை நியாயமானது. ஆனால் அவர் பொருளைப் பார்த்தார். தரையில் நடந்த விளையாட்டு அவர் கணக்கில் வரவில்லை. வேறொரு நிறுவனத்தின் 5½ அங்குல ஹீ-மேனும் 3¾ அங்குல ஜோவும் ஒரே கட்டிலடியில் மோதிக்கொண்டபோது எந்த நிறுவனத்தின் கதையும் செல்லுபடியாகவில்லை. பெரியவன் அரக்கன், சிறியவர்கள் படை. திரைக்கதையில் இல்லாத இந்த ஏற்பாடுகளை விளம்பரம் எப்படி ஊட்டியிருக்க முடியும்?

5. இந்தியக் கிளை

எம்.ஆர்.எஃப்., ஹாஸ்ப்ரோ கூட்டில் 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் பொம்மை நிறுவனத்தின் தலைமையகம் சென்னை. அமெரிக்க அச்சுகளைக் கொண்டு அது வார்த்த ஜோக்கள் பல, அமெரிக்கப் பிள்ளை கண்டிராத வண்ணங்களில் வந்தன. இன்று அவற்றை அங்குள்ள சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குகிறார்கள். அவர்களுக்கு அது பழகிய முகத்தின் புதிய வேடம். இந்தியாவில் அதைக் கையில் பிடித்து வளர்ந்தவருக்கோ அதுவே அசல்; அமெரிக்க வண்ணம்தான் வேற்றாள். எது அசல் என்பது, எது முதலில் கைக்கு வந்தது என்பதைப் பொறுத்தது.

6. சந்தையும் பழுதுபார்ப்பும்

‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் ஏவுகணை பாயும் போபா ஃபெட் பொம்மையைக் கென்னர் 1979இல் அறிவித்தது. ஆபத்து கருதிக் கைவிட்டது. எஞ்சிய மாதிரிகளுள் ஒன்று 2024இல் 5,25,000 டாலருக்கு ஏலம் போனது. எந்தப் பிள்ளையின் கைக்கும் போகாத பொம்மைக்கு இந்த விலை. சந்தை அபூர்வத்தை அளக்கிறது. ஏக்கத்தை அளக்க அதனிடம் கருவி இல்லை.

ஜோவின் ரப்பர் வளையமோ காலப்போக்கில் இறுகி அறுந்துவிடும். பெட்டியிலிருந்து எடுத்ததும் இடுப்புக்குக் கீழே தனியே விழும். மாற்று வளையங்கள் சில்லறை விலையில் கிடைக்கின்றன. பழைய உடைமையாளர்கள் பலர் முதுகுத் திருகாணியைக் கழற்றி வளையத்தை மட்டும் புதிதாகப் போடுகிறார்கள். உதிர்ந்த தலைமுடி வண்ணத்தையும் மழுங்கிய மூக்கையும் தொடுவதில்லை. அருங்காட்சியகங்களும் இப்படிப்பட்ட பொம்மைகளையே, விளையாடியவரின் வாய்மொழிப் பதிவோடு சேர்த்துச் சேகரிக்க வேண்டும். அன்று கட்டிலடியில் நடந்த கதைகளைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது கிடைப்பார்கள்.