ஜூனியர் வைக்கும் விருந்து: 'ப்ராம்' வந்த கதை

நான் பி.ஈ. மூன்றாம் வருஷம் படிக்கும்போது ஃபைனல் இயர் அண்ணன்களுக்கு ஃபேர்வெல் கொடுக்க வீட்டில் காசு கேட்டு வாங்கிய ஞாபகம் இருக்கிறது. அடுத்த வருஷம் எங்களுக்கு எங்கள் ஜூனியர்கள் கொடுத்தார்கள். கொடுத்தவரிடமிருந்து திரும்பி வராமல், பின்னால் வருபவரிடமிருந்து வரும் மொய் இது.

இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் பழைய அமெரிக்கப் பள்ளி ஆண்டு மலர்களை ராத்திரி வேளைகளில் புரட்டுவது என் பொழுதுபோக்கு. அவற்றிலும் இதே மொய்க்கணக்கு இருப்பதைப் பார்த்தபோதுதான் இந்தக் கட்டுரைக்கான ஆர்வம் வந்தது. அங்கே பதினொன்றாம் வகுப்புக்காரர் ஜூனியர், பன்னிரண்டாம் வகுப்புக்காரர் சீனியர். 'ஜூனியர்-சீனியர் விருந்து' என்பது வருஷக் கடைசியில், பள்ளியை விட்டுப் போகிறவர்களுக்கு ஜூனியர்கள் வைப்பது. நாம் சினிமாவில் பார்க்கும் 'ப்ராம்' இதோடு பின்னிப் பிணைந்ததுதான்.

'ப்ராம்' என்பது 'ப்ராமனேட்' என்ற சொல்லின் சுருக்கம். நடன விழாவின் தொடக்கத்தில் விருந்தினர்கள் ஜோடி ஜோடியாக நடந்து வரும் அணிவகுப்புக்கு அந்தப் பெயர். முதலில் இது கல்லூரி வழக்கம். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி மாணவர் ஒருவர் பக்கத்தில் இருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரியின் ப்ராமுக்குப் போய்வந்ததை 1894-இல் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஆரம்பகாலக் குறிப்புகளில் எல்லோரும் சுட்டிக்காட்டுவது இதைத்தான்.

கல்லூரியிலிருந்து பள்ளிக்கு எப்படி இறங்கியது? எண்ணிக்கையைப் பார்த்தால் புரியும். 1910-இல் அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் அந்த வயதினரில் பத்தில் ஒருவர்கூடக் கிடையாது. 1940-இல் ஏறக்குறைய பாதிப் பேர். கல்லூரி வாசலை மிதிக்கப் போகாத லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் பள்ளிதான் கடைசிப் படிப்பு. அதனால் கல்லூரியின் சடங்குகளைப் பள்ளியே எடுத்துக்கொண்டது.

செலவு ஜூனியர்களுடையது. நாடகம் போட்டு டிக்கெட் விற்பாங்க, விளையாட்டுப் போட்டிகளில் தின்பண்டக் கடை போடுவாங்க. சபைக் கட்டுப்பாடு அதிகமுள்ள ஊர்களில் நடனத்துக்கு அனுமதி இல்லை. சாப்பாடும் பேச்சும் மட்டும். பதிலுக்கு சீனியர்கள் 'கிளாஸ் வில்' என்று ஒரு வேடிக்கை உயில் எழுதுவாங்க. கடைசி பெஞ்சில் தூங்கும் உரிமையை இன்னாருக்கு விட்டுப் போகிறேன் என்கிற பாணியில் இருக்கும். நிறைய ஆண்டு மலர்களில் இதை அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் இனிமையான பக்கம். இனி மறுபக்கம்.

கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையினப் பிள்ளைகளுக்கும் தனித்தனி அரசுப் பள்ளிகள் வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தது. தென்மாநிலங்கள் இழுத்தடித்தன. 1969 அக்டோபரில் மிசிசிப்பி வழக்கில் 'இனி தாமதம் கூடாது, உடனே சேருங்கள்' என்று நீதிமன்றம் சொன்ன பிறகுதான் 1970-இல் பல ஊர்களில் வகுப்பறைகள் ஒன்றாயின.

வகுப்பறை ஒன்றானது, விருந்து ஒன்றாகவில்லை. பல பள்ளிகள் ப்ராம் நடத்துவதையே கைவிட்டன. பெற்றோர்கள் அதைக் கையில் எடுத்தார்கள்: வாடகை மண்டபம், தனி அழைப்பு, வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று. பள்ளி நடத்தினால்தானே சட்டம் கேள்வி கேட்கும்? வீட்டு விசேஷத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பது அவரவர் இஷ்டம் என்றார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பிள்ளைகள் வருஷத்தில் அந்த ஒரு ராத்திரி மட்டும் வேறு வேறு வாசல்களில் நின்றார்கள்.

மிசிசிப்பியின் சார்ல்ஸ்டன் நடிகர் மோர்கன் ஃப்ரீமனுக்குச் சொந்த ஊர் மாதிரி. எல்லோரும் சேர்ந்து நடத்தினால் மொத்தச் செலவும் என்னுடையது என்று 1997-இல் சொன்னார். யாரும் அசையவில்லை. மறுபடியும் சொல்லி, 2008-இல்தான் அங்கே முதல் பொதுவான ப்ராம் நடந்தது. அதே வருஷம் சில வெள்ளைப் பெற்றோர்கள் தங்கள் தனி விருந்தையும் விடாமல் நடத்தினார்கள்.

ஜார்ஜியாவின் வில்காக்ஸ் கவுண்டியில் இன்னும் தாமதம். அங்கே 2013-இல் இரண்டு கறுப்பினப் பெண்களும் இரண்டு வெள்ளையினப் பெண்களுமாக நான்கு தோழிகள், பள்ளிக்காகக் காத்திருக்காமல், தாங்களே நிதி திரட்டி எல்லோருக்குமான ப்ராமை நடத்திக் காட்டினார்கள். அடுத்த வருஷம் பள்ளியே நடத்தியது.

இதையெல்லாம் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். விருந்தில் என்ன நடக்கிறது என்பதைவிட, விருந்தை யார் வைக்கிறார்கள் என்பது முக்கியம். ஜூனியர் வகுப்பு வைத்தவரை அந்த வகுப்பில் இருக்கும் எல்லோரும் வீட்டுக்காரர்கள். பெற்றோர்கள் கைக்குப் போனதும் அதே வகுப்பில் பாதிப் பேர் பத்திரிகை வராதவர்கள் ஆகிவிட்டார்கள். பத்திரிகை வைக்காமல் விடுவது எவ்வளவு பெரிய வார்த்தை என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நான்கு பெண்கள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. பழைய வழக்கப்படி மாணவர்கள் காசு சேர்த்தார்கள், மாணவர்களைக் கூப்பிட்டார்கள். பெரியவர்கள் எடுத்துக்கொண்டு போன விருந்தை வகுப்புக்கே திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.