கூத்தும் அரச மானியமும்

நோபல் பார்க்கிற் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்க விழையும் பெற்றோருக்கு அரச ஆதரவு என்பது புதிய செய்தியன்று. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இலங்கைக் கலைக்கழகம் உருவாயிற்று. அதன் தமிழ் நாடகக் குழுத் தலைவராக விளங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைக் கொண்டு பேராதனை மாணவரைப் பழக்கி, 1962இல் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். விடிய விடிய ஆடிய கூத்து, நகர அரங்கிற்கேற்பச் சுருங்கிற்று. அதனை இழப்பென்பாரும் உளர்; அழியாது காத்ததே பெரிதென்பது எமது எண்ணம்.

அவுஸ்திரேலியாவிலோ, விற்லம் அரசு 1975இற் கலை மன்றத்தைச் சட்டபூர்வமாக்கியது. 2015இல் அமைச்சர் ஜோர்ஜ் பிராண்டிஸ் மன்றத்தின் நிதியிற் பத்துக் கோடி டொலருக்கு மேல் தமது அமைச்சின்கீழ்க் கொணரவே, சிறு குழுக்கள் கலங்கின. செனற் விசாரணைக்கு 2,000க்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. 2017இல் எஞ்சிய நிதியின் பெரும்பகுதி மன்றத்திடமே மீண்டது.