67-ஆம் தெருவின் வனதேவதைகள்

ஓவியர்களுக்கு வடக்கு வெளிச்சம் வேண்டும். சூரியன் நேராக விழாத, காலையிலிருந்து மாலை வரை அதிகம் நிறம் மாறாத வெளிச்சம். இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில் நியூயார்க்கில் அப்படி ஒரு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஹென்றி வார்ட் ரேஞ்சர் என்ற நிலக்காட்சி ஓவியர் புலம்பிக்கொண்டு உட்காராமல், சக ஓவியர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு கூட்டுறவு முறையில் ஒரு கட்டடமே எழுப்பிவிட்டார். இடம் மேற்கு 67-ஆம் தெரு, சென்ட்ரல் பார்க்கிலிருந்து நாலு எட்டு. பின்பக்கம் வடக்கு. அடுத்த தெருவில் உயரம் குறைந்த வீடுகள்தான், வெளிச்சத்தை மறிக்க யாருமில்லை. 1903-இல் வேலை முடிந்தது. குடியிருக்க ஸ்டூடியோவும் ஆயிற்று, போட்ட பணத்துக்கு வருமானமும் வந்தது. இந்த இரண்டாவது விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் அதே வரிசையில் அதே மாதிரி கட்டடங்கள் மளமளவென்று எழுந்தன.

அவற்றில் பெரியது, 1917-இல் ஜார்ஜ் மார்ட் பொல்லார்ட் வடிவமைப்பில் வந்த ஹோட்டல் தேஸ் ஆர்ட்டிஸ்ட். பெயரில்தான் ஹோட்டல், உண்மையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. கோதிக் பாணி முகப்பில் ஓவியன், சிற்பி, எழுத்தாளன் என்று சின்னச் சின்னக் கல் உருவங்கள். உள்ளே இரண்டு மாடி உயரக் கூடங்கள், நீச்சல் குளம், ஸ்குவாஷ் ஆடுகளம். ஒன்றுதான் குறை. ஒழுங்கான சமையலறை கிடையாது.

மறந்துபோய் விட்டதல்ல, திட்டமிட்டே விட்டது. தரைத்தளத்தில் ஒரு உணவகம். குடியிருப்பவர் காயையும் கறியையும் தானே வாங்கி, இதை இப்படிச் சமையுங்கள் என்று சீட்டெழுதி, சாப்பாட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் குட்டி லிஃப்டில் கீழே அனுப்பிவிடலாம். சமைத்த பண்டம் அதே லிஃப்டில் சுடச்சுட மேலே வரும். வீட்டுக்கு வீடு ஒரு அடுப்பு எதற்கு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெரிய அடுப்பு போதுமே என்ற கணக்கு. ஆளுக்கொரு சர்வர் வைத்துக்கொண்டிருந்த கம்பெனிகளை கிளவுடுக்கு மாற்றி வயிறு வளர்க்கும் எனக்கு, இந்தக் கணக்கைப் படித்தபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது. இசடோரா டங்கன், நோயல் கவர்ட், நார்மன் ராக்வெல் எல்லாம் ஏதேனும் ஒரு காலத்தில் இங்கே குடியிருந்தவர்கள்.

அந்தப் பொது அடுப்பின் பெயர்தான் கஃபே தேஸ் ஆர்ட்டிஸ்ட், 'கலைஞர்களின் கஃபே'. அதன் பிரெஞ்சுத்தனத்தில் பாதி பெயரிலேயே தீர்ந்துவிடும். அன்றைய அமெரிக்க ஓவியனுக்குப் பாரிஸ்தான் காசி. போய் வந்தவனுக்கு அது நினைவு, போகாதவனுக்கு ஏக்கம். அந்த ஏக்கத்துக்கு ஒரு பெயர்ப்பலகை மாட்டினார்கள், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தெருவில் அப்போது நிஜமான பிரெஞ்சு ஓவியர் ஒருவர் இருந்தார். சில வாசல்கள் தள்ளி, 33-ஆம் எண் கட்டடத்தில் மார்செல் ட்யூஷாம். ஆரென்ஸ்பெர்க் என்ற கலைச் சேகரிப்பாளர் தம்பதியின் வீடு அங்கேதான். ட்யூஷாமுக்கும் அதே கட்டடத்தில் ஒரு ஸ்டூடியோ. அதே 1917-இல்தான் அவர் ஒரு பீங்கான் சிறுநீர்த்தொட்டியை வாங்கி, ஆர். மட் என்று பொய்க் கையெழுத்துப் போட்டு, 'நீரூற்று' என்று பெயரிட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். கட்டணம் கட்டிய யாருடைய படைப்பையும் ஏற்போம் என்று அறிவித்திருந்த சங்கம், இதை மட்டும் பார்வைக்கு வைக்க மறுத்தது. ஓவியம் என்றால் கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டும் என்ற நம்பிக்கைக்கு அந்தத் தெருவிலிருந்துதான் அடி விழுந்தது.

கஃபேயின் சுவருக்கு அந்தச் சேதி போய்ச்சேரவே இல்லை. பதினேழு வருடம் கழித்து, அங்கே ஹோவர்ட் சாண்ட்லர் கிறிஸ்டி அழகை மட்டுமே வரைந்தார். அதிலும் ஒரு படத்தின் பெயர் 'இளமையின் நீரூற்று'.

கிறிஸ்டி ஓஹையோவின் கிராமப்புறத்துக்காரர், 1872-இல் பிறந்தவர். 1898-இல் கியூபாவில் நடந்த ஸ்பானிய அமெரிக்கப் போரைப் பத்திரிகைகளுக்கு வரையப் போனார். திரும்பி வந்து அவர் வரைந்த பெண்தான் அவரைத் தூக்கி நிறுத்தினாள். துடிப்பும் துணிச்சலும் கொண்ட சிரித்த முகம். நாடே அவளைக் 'கிறிஸ்டி பெண்' என்றது. முதல் உலகப்போர் வந்ததும் அவளுக்குக் கடற்படைச் சட்டையை மாட்டி, நான் மட்டும் ஆணாக இருந்தால் சேர்ந்திருப்பேனே என்று சுவரொட்டியில் ஏங்கவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுக் கப்பலேறிய பையன்கள் எத்தனை பேரோ. அழகான படம் ஒன்றும் அறியாத அப்பாவி என்று சொல்லிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிறகு பத்திரிகைகளில் புகைப்படம் வந்து சித்திரக்காரர்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கிறிஸ்டி உருவப்படங்களுக்கு மாறினார். முசோலினியை வரைந்தார், அமெலியா ஏர்ஹார்ட்டை வரைந்தார். 1934-இல் தான் குடியிருந்த கட்டடத்தின் உணவகச் சுவர்களில் வேலையைத் தொடங்கியபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. வெளியே பெருமந்தம். மதுவிலக்கு முந்தைய டிசம்பரில்தான் நீங்கியிருந்தது. சுவரிலோ காடு, ஓடை, ஊஞ்சல், கிளி, ஆடையில்லாமல் விளையாடும் வனதேவதைகள். பலவற்றுக்கு எலிஸ் ஃபோர்டு என்ற இளம்பெண்தான் மாடலாக நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தால் தெரியும், அந்தக் காட்டில் யாருக்கும் பசி இல்லை, வயதாவதில்லை, வேலைவெட்டி இல்லை. கிழவர் ஒருவரின் பகல் கனவு. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் உயர்தரக் காலண்டர் படம். கலை வரலாறு என்று வந்தால் என் ஓட்டு ட்யூஷாமுக்குத்தான். ஆனால் ஒரு சுவர் யாருக்குப் பயன்படுகிறது என்ற கேள்வி வேறு. அதற்குப் பதில் சொல்ல இன்னொரு மனிதர் வரவேண்டியிருந்தது.

ஜார்ஜ் லாங் 1924-இல் ஹங்கேரியின் செக்கெஷ்ஃபெஹேர்வாரில் பிறந்தவர். யூதத் தையற்காரரின் மகன், வயலின் கலைஞராகும் கனவு. பத்தொன்பது வயதில் கட்டாய உழைப்பு முகாம். தப்பி ஓடி, உயிர் பிழைக்க நாஜி ஆதரவு அம்புச்சிலுவைக் கட்சிக்காரனாகவே வேடம் போட்டார். சோவியத் படை வந்தபின் அந்த வேடத்துக்காகவே கைதாகி, மயிரிழையில் தப்பினார். அப்பாவும் அம்மாவும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். 1946-இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். ஒருநாள் ஹைஃபெட்ஸின் வாசிப்பைக் கேட்டார், தன்னால் ஒருபோதும் இப்படி வாசிக்க முடியாது என்று புரிந்தது, வயலினை விட்டுவிட்டார். சமையலறைகளில் அடிமட்ட வேலையிலிருந்து தொடங்கி, 1960-களில் நகரத்தின் பெயர்பெற்ற ஃபோர் சீசன்ஸ் உணவகத்தை நடத்தும் இடத்துக்கு உயர்ந்தார்.

ஃபோர் சீசன்ஸ் என்றதும் மார்க் ராத்கோ நினைவுக்கு வருவார். அந்த உணவகச் சுவர்களுக்கென்று ஓவியத் தொடர் ஒன்றை ஒப்புக்கொண்டு, அங்கே தின்ன வரும் பணக்காரர்களின் பசியைக் கெடுப்பதே தன் நோக்கம் என்று நண்பரிடம் சொன்னவர். கடைசியில் அங்கே மாட்டவே மனமில்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கலைஞனின் ரோஷம் எனக்குப் புரிகிறது. ஆனால் மனிதர்கள் உணவு மேசைக்கு எதைச் சுமந்துகொண்டு வருகிறார்கள் என்று ராத்கோ கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

லாங் 1975-இல் கஃபே தேஸ் ஆர்ட்டிஸ்டை எடுத்தபோது அது பழைய பெருமை மங்கிக் கிடந்த கடை. வனதேவதைகள்மேல் அழுக்கும் புகையும். அன்றைய நாகரிகப்படி சுண்ணாம்படித்து மறைத்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். லாங் மறைக்கவில்லை. அந்தப் படங்களையே கடையின் முகமாக்கினார், நிறையப் பூக்கள் வைத்தார், பிரெஞ்சு நாட்டுப்புற வீடுகளின் பொத்தஃபு என்ற இறைச்சிக் குழம்பைப் பரிமாறினார். பக்கத்திலிருந்த ஏபிசி தொலைக்காட்சிக்காரர்களும் லிங்கன் சென்டருக்கு இசை கேட்க வந்தவர்களும் வாடிக்கையானார்கள். பின்னாளில் மனைவி ஜெனிஃபர் நிர்வாகத்தை ஏற்றார். காதலைச் சொல்ல நியூயார்க்கில் இதைவிட நல்ல இடம் இல்லை என்று பேரெடுத்தது.

இனிப்புப் பட்டியலில் இலோனா டார்ட் என்று ஒன்று உண்டு. வாதுமைக்கொட்டையும் சாக்லேட்டும் சேர்ந்த ஹங்கேரிய கேக். இலோனா என்பது லாங்கின் அம்மாவின் பெயர். கல்லறை இல்லாதவளின் பெயர் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு நகரத்தின் மெனு அட்டையில் இருந்தது. சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? தெரியவேண்டும் என்று லாங்குக்கும் அவசியமிருந்ததாகத் தோன்றவில்லை. யாரும் சாகாத அந்தக் காட்டின் நடுவே அதைப் பரிமாறினார் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். கிறிஸ்டி வரைந்தபோது அது வெறும் கனவு. அதை நம்ப எந்தக் காரணமும் மிச்சமில்லாத ஒருவர் கையில் வந்தபோது அந்தச் சுவருக்கு ஒரு கனம் ஏறிவிட்டது. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

வரைந்தவர் 1952-இல் அதே கட்டடத்தில் இறந்தார். அமெரிக்க அரசியல் சாசனம் கையெழுத்தானதை அவர் வரைந்த இருபதடிக்கு முப்பதடி ஓவியம் வாஷிங்டனின் கேப்பிடல் கட்டடத்தில் தொங்குகிறது. வரலாற்றுப் புத்தகங்களில் எல்லாரும் பார்த்திருப்பார்கள், வரைந்தவர் யாரென்று யாரும் கேட்பதில்லை. எலிஸ் ஃபோர்டின் பெயர் அதைவிடக் குறைவாகவே கேட்கப்படுகிறது. அந்த முகங்களில் பல அவள் முகம்தான் என்றாலும்.

கஃபே 2009 ஆகஸ்டில், பொருளாதாரச் சரிவின் நடுவே மூடப்பட்டது. 2011-இல் சொரென்டினோ தம்பதி அங்கே தென்னித்தாலியச் சமையலோடு, லாம்பெடூசாவின் நாவல் பெயரைச் சூட்டி 'தி லெப்பர்ட் அட் தேஸ் ஆர்ட்டிஸ்ட்' என்ற உணவகத்தைத் திறந்தார்கள். ஓவியங்களைச் சுத்தம்செய்து அப்படியே வைத்துக்கொண்டார்கள். அந்த வருடம் ஜூலையில் லாங் காலமானார். பிரெஞ்சுக் குழம்பு போய் சிசிலியின் பாஸ்தா வந்துவிட்டது. ஊஞ்சலில் இருப்பவள் இன்னும் இறங்கவில்லை.