உதவி நாய் உங்களுக்கு செட் ஆகுமா? விண்ணப்பிக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

பார்வையற்ற ஒருவர் நாயின் முதுகில் மாட்டிய கைப்பிடியைப் பிடித்தபடி சாலையைக் கடக்கும் வீடியோவை நாம எல்லாருமே பார்த்திருப்போம். 'நம்ம வீட்டிலும் இப்படி ஒரு நாய் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்' என்று தோன்றும். ஆனால் வீடியோவில் தெரியாத பல விஷயங்கள் இருக்கு. இந்த நடைமுறை நன்கு வேரூன்றிய அமெரிக்காவை வைத்தே பார்க்கலாம்.

உதவி நாய் என்றால் என்ன?

மாற்றுத்திறனாளி ஒருவருக்காகக் குறிப்பிட்ட வேலைகளைச் செய்யப் பழக்கப்பட்ட நாய்தான் உதவி நாய். பார்வையற்றவருக்கு வழித்துணை, காது கேளாதவருக்கு அழைப்பு மணியை உணர்த்துவது, சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழே விழுந்த பொருளை எடுத்துத் தருவது, இப்படிப் பல வகை உண்டு. பக்கத்தில் இருந்து ஆறுதல் மட்டும் தரும் செல்ல நாய், அமெரிக்கச் சட்டப்படி இதில் சேராது.

அங்கு வழிகாட்டி நாய்களுக்கான 'தி சீயிங் ஐ' அமைப்பு 1929-ல் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் பயிற்சி பெற்ற 'பட்டி' என்ற நாயுடன் 1928-ல் ஊர் திரும்பிய மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர்தான் இதற்குத் தூண்டுகோல்.

நாய்க்கு வழி தெரியுமா?

பலரும் தப்பா நினைக்கிற இடம் இதுதான். 'மருத்துவமனைக்குப் போ' என்றால் நாய் தானாகக் கூட்டிப் போகாது. எங்கே திரும்பணும், எத்தனை தெரு தாண்டணும் என்பது உங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். குழி, படிக்கட்டு, தலையில் இடிக்கும் கிளை போன்ற தடைகளைத் தவிர்ப்பதே நாயின் வேலை. சிக்னல் பார்த்து 'இப்போ கடக்கலாம்' என்றும் அது சொல்லாது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு நீங்கள்தான் முடிவு செய்யணும். ஆனால் ஆபத்தான வண்டி வந்தால், நீங்கள் 'போ' என்றாலும் நாய் நகராது. அதற்கும் பயிற்சி உண்டு.

அதனால்தான் வெள்ளைக் கோலுடன் தனியாக நடக்கத் தெரிந்தவருக்கே வழிகாட்டி நாய் சரிப்பட்டு வரும்.

உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்

* தினமும் வெளியே நடக்கிறீர்களா? வேலை இல்லாத நாய் கற்றதை மறக்கத் தொடங்கும்.
* மழையோ குளிரோ, காலையில் எழுந்து நாயை வெளியே கூட்டிப் போக முடியுமா?
* நாயை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தரும் அமைப்புகள் உண்டு. ஆனால் தீனி, தடுப்பூசி, மருத்துவச் செலவை மாதாமாதம் தாங்க முடியுமா?
* வீட்டில் யாருக்காவது நாய் என்றால் பயமா, ஒவ்வாமையா?
* நீங்கள் மருத்துவமனையில் படுத்தால் நாயை யார் பார்த்துக்கொள்வார்கள்?
* தெருவில் ஆள் ஆளுக்கு நிறுத்தி 'தொட்டுப் பார்க்கலாமா?' என்று கேட்டால் பொறுமை இருக்குமா?

கோலை மடித்து மூலையில் வைத்துவிடலாம். நாயை அப்படி வைக்க முடியாது.

உடனே கிடைக்குமா?

கிடைக்காது. குட்டி முதலில் சுமார் ஒரு வருஷம் தன்னார்வலர் வீட்டில் வளரும். பிறகு சில மாதப் பயிற்சி. எல்லா நாயும் தேறாது. தேறிய நாயின் நடை வேகமும் குணமும் உங்களோடு பொருந்தணும். அப்புறம் நீங்களும் சில வாரம் அதனுடன் சேர்ந்து பயிற்சி எடுக்கணும்.

சான்றிதழ் வேணுமா?

அமெரிக்காவில் உதவி நாயுடன் கடை, ஹோட்டலுக்குள் போகலாம். ஊழியர்கள் கேட்கக்கூடியது இரண்டே கேள்விதான்: இது உங்கள் குறைபாட்டுக்காகத் தேவைப்படும் நாயா? என்ன வேலைக்குப் பயிற்சி பெற்றது? சான்றிதழ் காட்டச் சொல்ல முடியாது. ஆன்லைனில் விற்கும் 'உதவி நாய் சான்றிதழ்'களுக்குச் சட்ட மதிப்பும் இல்லை. பணத்தைக் கொடுத்து ஏமாறாதீங்க. மற்ற நாடுகளில் விதிகள் வேறு என்பதையும் மறக்காதீங்க.

பிரிவையும் யோசிக்கணும்

வழிகாட்டி நாய் பெரும்பாலும் 10 வயதை நெருங்கும்போது ஓய்வு பெறும். அதன் பிறகு அதை நீங்களே வளர்ப்பதா, உறவினரிடம் கொடுப்பதா என்று முடிவெடுக்கணும். புது நாயுடன் மறுபடி முதலில் இருந்து தொடங்கணும். பலருக்கு இதுதான் மிகக் கடினமான கட்டம்.

இவ்வளவும் யோசித்த பிறகும் 'வேணும்' என்று தோன்றினால், தாராளமாக விண்ணப்பிக்கலாம். 'எனக்குக் கோலே போதும்' என்று தோன்றினால் அதுவும் சரியான முடிவுதான். உங்களுக்கும் நல்லது, அந்த நாய்க்கும் நல்லது.