பதில் சொல்லத் தேவையில்லாத அறையும் பதில் கேட்கும் அவையும்: ஆர்தர் சினோடினோஸ்

ஆஸ்திரேலிய அரசியலில் ஆலோசகராகத் தொடங்கி நாடாளுமன்ற உறுப்பினராவது புதுமையான செய்தியன்று. பென்னி வாங் நியூ சவுத் வேல்ஸ் மாநில அமைச்சர் ஒருவருக்கு ஆலோசகராக இருந்தவர். கெவின் ரட் குயின்ஸ்லாந்து முதல்வர் வெய்ன் காஸின் அலுவலகத்திலிருந்து வந்தவர். ஜோஷ் ஃபிரைடன்பர்க் ஹோவர்ட் அரசின் ஆலோசகர்களுள் ஒருவர். இவர்களுக்கெல்லாம் ஆலோசகர் பணி ஏணியின் கீழ்ப்படி. ஆர்தர் சினோடினோஸின் கதை வேறு. அவர் அந்தப் பணியின் உச்சத்தை எட்டினார். விலகி நிதித்துறையில் சில ஆண்டுகள் இருந்தார். 54ஆம் வயதில்தான் செனட்டுக்குள் நுழைந்தார். யாருக்கும் நேரடியாகப் பதில் சொல்லத் தேவையில்லாத ஓர் இடத்தில் வளர்ந்த அதிகாரம், பதில் சொல்லியே தீரவேண்டிய அவைக்கு இடம்பெயர்ந்தபோது என்ன நேர்ந்தது என்பதை அறிய அவருடைய வாழ்க்கையைவிட நல்ல சான்று அரிது.

சினோடினோஸ் 1957இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நியூகாசிலில் பிறந்தார். நிலக்கரியும் எஃகும் வளர்த்த துறைமுக நகரம் அது. பெற்றோர் கிரேக்கத்தின் கெஃபலோனியா தீவிலிருந்து குடியேறியவர்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பட்டம் பெற்று, 1979இல் கான்பெராவில் நடுவண் அரசுப் பணியில் சேர்ந்தார். விரைவிலேயே கருவூலத் துறைக்கு மாறினார். 1987 முதல் 1989 வரை எதிர்க்கட்சித் தலைவர் ஜான் ஹோவர்டின் பொருளாதார ஆலோசகர். ஹோவர்ட் தலைமையை இழந்தபோது சினோடினோஸ் கருவூலத்துக்குத் திரும்பினார். 1995இல் ஹோவர்ட் மீண்டும் தலைவரானபோது இவரும் மீண்டும் வந்தார். 1996 மார்ச்சில் கூட்டணி ஆட்சியைப் பிடித்தது. 1997 முதல் 2006 டிசம்பர் வரை பிரதமர் அலுவலகத்தின் ‘சீஃப் ஆஃப் ஸ்டாஃப்’ பொறுப்பு அவரிடம் இருந்தது.

இந்தப் பதவிப்பெயர் தமிழில் எளிதில் அகப்படுவதில்லை. இந்தியச் செய்திகளில் இச்சொல் பெரும்பாலும் படைத்துறையையே நினைவூட்டும். ‘தலைமைப் பணியாளர்’ என்றால் பொருள் சுருங்கிவிடுகிறது. ‘முதன்மைச் செயலர்’ என்றால் ஆட்சிப்பணி அதிகாரி ஒருவர் கண்முன் நிற்கிறார். இத்தடுமாற்றத்துக்குச் சொல்வளக் குறைவு மட்டுமே காரணமன்று. அப்பதவியின் இயல்பே அப்படிப்பட்டது. அவர் அரசு ஊழியர் விதிகளுக்கு உட்பட்ட நடுநிலை அதிகாரி அல்லர். வாக்குப் பெற்று வந்த அரசியலரும் அல்லர். 1972இல் கஃப் விட்லம் ஆட்சிக்கு வந்தபோது அமைச்சர் அலுவலகங்களில் இத்தகைய அரசியல் நியமனங்கள் பெருகத் தொடங்கின. அதிகாரவர்க்கம் தம் திட்டங்களை மெல்ல நீர்த்துப்போகச் செய்துவிடும் என்ற ஐயமே அதற்குத் தூண்டுதல். பாப் ஹாக் அரசு 1984இல் கொண்டுவந்த நாடாளுமன்ற உறுப்பினர்களின் பணியாளர் சட்டம் அவ்வழக்கத்துக்குச் சட்ட வடிவம் தந்தது. ஆலோசகர் செய்வதற்கு அமைச்சரே பொறுப்பு, ஆகவே ஆலோசகரைத் தனியே விசாரிக்க வேண்டியதில்லை என்பது அதன் பின்னணியில் இருந்த கோட்பாடு. ஏட்டளவில் அது அழகானதுதான்.

சினோடினோஸ் பிரதமர் அலுவலகத்தில் இருந்த காலத்தில் அவர் எதிரே நின்ற பெருந்தடை எதிர்க்கட்சியைக் காட்டிலும் செனட்டுதான். சரக்கு, சேவை வரியை முன்வைத்தே ஹோவர்ட் 1998 தேர்தலைச் சந்தித்து வென்றார். ஆயினும் மேலவையில் பெரும்பான்மை இல்லை. தாஸ்மேனியாவின் சுயேச்சை உறுப்பினர் பிரையன் ஹாரடின் 1999 மே மாதத்தில் ஆதரவு தர மறுத்துவிட்டார். மெக் லீஸ் தலைமையிலான ஆஸ்திரேலிய ஜனநாயகக் கட்சியினரோடு பேசி, அடிப்படை உணவுப்பொருள்களுக்கு விலக்களித்த பிறகே சட்டம் நிறைவேறியது. 10 விழுக்காட்டு வரி 2000 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. (இந்தியாவின் ஜி.எஸ்.டி.யும் பதினேழு ஆண்டுகள் கழித்து இதே ஜூலை 1இல்தான் பிறந்தது.) தேர்தலில் வென்ற கொள்கையைக்கூட வளைக்க வல்லது அந்த அவை என்ற பாடத்தைப் பிரதமர் அலுவலகம் அப்போது நேரில் கற்றது.

அவ்வவையின் கை எட்டாத இடம் எது என்பது 2001இல் வெளிப்பட்டது. தேர்தல் பரப்புரையின்போது, அக்டோபர் 7 அன்று, படகில் வந்த புகலிடம் கோருவோர் தம் குழந்தைகளைக் கடலில் எறிந்தார்கள் என்று அமைச்சர் ஒருவர் அறிவித்தார். அச்செய்தி உண்மையன்று. நவம்பர் 10 அன்று வாக்குப்பதிவு முடியும்வரை அரசு அதைத் திருத்தவில்லை. செனட் தனிக்குழு அமைத்து விசாரித்தது. கடற்படையினரும் துறை அதிகாரிகளும் சான்றளித்தனர். செய்தி எந்த மேசையில் தேங்கியது என்பதைச் சொல்லக்கூடிய ஆலோசகர்களைக் குழுவின் முன் செல்ல அமைச்சரவை அனுமதிக்கவில்லை. பாதுகாப்பு அமைச்சரின் ஆலோசகராக இருந்த ஒருவர் 2004 ஆகஸ்டில்தான் பொதுவெளியில் பேசினார்: குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்பதைத் தேர்தலுக்கு முன்பே பிரதமரிடம் தெரிவித்ததாக அவர் கூறினார். ஹோவர்ட் அதை ஏற்கவில்லை.

இது சினோடினோஸ்மீதான குற்றச்சாட்டன்று. அவர் தலைமை வகித்த அலுவலகம் எந்த அரசியல் ஏற்பாட்டுக்குள் இயங்கியது என்பதைக் காட்டும் நிகழ்வு. கோட்பாட்டில் இருந்த ஓட்டை அப்போதுதான் எல்லார் கண்ணிலும் பட்டது. ஆலோசகருக்காக அமைச்சர் பதில் சொல்வார் என்பது ஏற்பாடு. ‘எனக்கு யாரும் சொல்லவில்லை’ என்று அமைச்சர் கூறிவிட்டால் பதில் சொல்ல எவரும் மிஞ்சுவதில்லை. 2003 அக்டோபரில் மற்றொரு செனட் குழு ஆலோசகர்களுக்கு நடத்தை விதிமுறை வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அவ்விதிமுறை 2008இல், ஆட்சி மாறிய பிறகே வந்தது.

2005 ஜூலையில் கூட்டணிக்குச் செனட்டிலும் பெரும்பான்மை கிடைத்தது. எவரிடமும் பேரம் பேசத் தேவையின்றித் தொழிலுறவுச் சட்டத் திருத்தமான ‘வொர்க் சாய்சஸ்’ அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறியது. 2007 தேர்தலில் தொழிற்சங்கங்கள் அதையே முதன்மைப் படைக்கலமாக்கின. ஹோவர்ட் ஆட்சியோடு தம் சொந்தத் தொகுதியான பென்னலாங்கையும் இழந்தார். 1999இல் எரிச்சலூட்டிய அந்தத் தடை 2005இல் இருந்திருந்தால் கூட்டணிக்கு நன்மையாகவே முடிந்திருக்கும் என்று வாதிட இடமுண்டு. சினோடினோஸ் அதற்கு ஓராண்டு முன்பே விலகி முதலீட்டு வங்கித் துறைக்குச் சென்றிருந்தார். அவர் விலகியதால்தான் தோல்வி என்று சொல்வது ஒரு தனிமனிதருக்கு அளவுக்கு மீறிய எடை தருவதாகும்.

இனி அவர் செனட்டுக்குள் நுழைந்த வாயிலைப் பார்க்கவேண்டும். 2011 ஆகஸ்டில் ஹெலன் கூனன் பதவி விலகினார். அக்டோபர் 13 அன்று நியூ சவுத் வேல்ஸ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடிச் சினோடினோஸை அவ்விடத்துக்குத் தேர்ந்தன. பொதுமக்கள் வாக்களிக்கவில்லை. அரசமைப்பின் 15ஆம் பிரிவு அதற்கு வழிசெய்கிறது. அப்பிரிவுக்குச் சுவையான வரலாறு ஒன்றுண்டு. 1975இல் தொழிற்கட்சியின் இரண்டு செனட் இடங்கள் காலியானபோது, நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் அக்கட்சி முன்மொழியாதவர்களை அனுப்பின. அவ்வாண்டு இறுதியில் விட்லம் ஆட்சி கவிழ்ந்த நெருக்கடிக்கு அது களம் அமைத்தது. அது மீண்டும் நிகழாதிருக்க 1977 மே 21 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. 73 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஆதரித்தனர். காலியிடத்துக்கு அதே கட்சியினரே வரவேண்டும் என்பது உறுதியாயிற்று.

அத்திருத்தத்தில் பலர் கவனிக்காத மற்றொரு பகுதியும் உண்டு. அதற்கு முன்பு, நியமிக்கப்பட்டவர் அடுத்த பொதுத்தேர்தல் வரை மட்டுமே அமரலாம். பிறகு அந்த இடத்தை வாக்காளர்களே நிரப்புவார்கள். 1977க்குப் பின் அவர் எஞ்சிய பதவிக்காலம் முழுவதும் நீடிக்கலாம். செனட்டரின் பதவிக்காலம் ஆறாண்டு என்பதால் எச்சம் நீளமாகவும் இருக்கக்கூடும். கட்சியின் உரிமை காக்கப்பட்டது. வாக்காளரின் உரிமை சற்றுக் குறைந்தது. கட்சி நிர்வாகிகளும் மூத்த ஆலோசகர்களும் அவைக்குள் வர மிக வசதியான வாயில் இதனால் திறந்தது. சினோடினோஸுக்கு ஐந்து மாதங்கள் கழித்து பாப் கார் இதே மாநிலத்தில் இதே வழியாக வந்து நேரே வெளியுறவு அமைச்சரானார்.

2013 தேர்தலில் சினோடினோஸ் முதன்முறையாக வாக்காளர்களைச் சந்தித்தார். கூட்டணிப் பட்டியலில் அவருக்கு மூன்றாம் இடம். வென்று, டோனி அபட் அரசில் துணைக் கருவூல அமைச்சரானார். அரசியலுக்கு வருவதற்கு முன் அவர் ஆஸ்திரேலியன் வாட்டர் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் இயக்குநராகவும் பின்னர் தலைவராகவும் இருந்தவர். ஆண்டு ஊதியம் 2,00,000 டாலர். அந்நிறுவனத்தில் தொழிற்கட்சியின் செல்வாக்கு மிக்க தரகர் எடி ஓபீடின் குடும்பத்துக்கு இருந்த தொடர்பை மாநில ஊழல் தடுப்பு ஆணையம் விசாரித்தது. 2014 மார்ச்சில் சினோடினோஸ் அமைச்சர் பொறுப்பிலிருந்து ஒதுங்கி நின்றார். ஏப்ரலில் சாட்சியாக அமர்ந்தார். பல வினாக்களுக்கு ‘நினைவில்லை’ என்பதே அவர் விடையாக இருந்ததை நாளிதழ்கள் விரிவாக எழுதின. டிசம்பரில் அமைச்சர் பதவியை முற்றாகத் துறந்தார். 2017இல் வெளியான ஆணைய அறிக்கை அவர்மீது ஊழல் நடத்தை என எந்த முடிவையும் பதியவில்லை.

பத்தாண்டுகள் நாட்டின் மிக நுணுக்கமான கோப்புகளைக் கையாண்டு, எந்தக் குழுவின் முன்னும் அமர நேராத ஒருவர், ஒரு தண்ணீர் நிறுவனத்தின் கணக்குக்காக வெளிச்சத்தில் அமர நேர்ந்தது. வரலாற்றின் இந்த முரண் கூர்மையானது. அவர் அவ்வளவு காலம் பதில் சொல்லாதிருந்தது நேர்மைக் குறைவாலன்று. அந்த ஏற்பாட்டில் எவரும் அவரைக் கேட்க இயலாது.

2015 செப்டம்பரில் மால்கம் டர்ன்புல் பிரதமரானபோது சினோடினோஸ் அமைச்சரவைச் செயலரானார். அலுவலகங்களை ஒருங்கிணைப்பது, கோப்புகள் தேங்காமல் பார்ப்பது என்று வேலை பழையதைப் போன்றதே. இம்முறை அவர் அமைச்சரவை உறுப்பினர். செனட்டில் எழுந்து வினாக்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர். 2017 தொடக்கத்தில் தொழில், புத்தாக்க, அறிவியல் துறை அமைச்சரானார். அவ்வாண்டின் பிற்பகுதியில் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக விடுப்பில் சென்று, டிசம்பரில் அமைச்சரவையிலிருந்து விலகினார்.

2019 நவம்பரில் செனட்டையும் துறந்து, வாஷிங்டனில் ஆஸ்திரேலியத் தூதர் பொறுப்பை ஏற்றார். 2023இல் அப்பொறுப்பை அவரிடமிருந்து பெற்றவர் கெவின் ரட். ஹோவர்டைத் தோற்கடித்தவர், அவரும் ஒரு காலத்தில் அரசியல் தலைவர் ஒருவரின் அலுவலகத்தை நடத்தியவரே. சினோடினோஸ் விட்டுச்சென்ற செனட் இடத்துக்கு அதே 15ஆம் பிரிவின்படி ஜிம் மோலன் வந்தார். படைத்துறையில் மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்ற மோலனைக் கட்சி 2019 மேத் தேர்தலில் பட்டியலின் நான்காம் இடத்தில் வைத்திருந்தது. தனிப்பட 1,30,000க்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றும் அவர் அத்தேர்தலில் தோற்றிருந்தார்.