வகுபடும் எண்ணும் வகுக்கப்பட்டவர்களும்

இராமானுஜன் பேச்சு வந்தால், 'நாமகிரித் தாயார் கனவுல வந்து கணக்குச் சொல்லிக் குடுத்தாங்க' என்பதோடு நம்மூர்ப் பேச்சு முடிந்துபோகிறது. இந்தப் புனைவு அவருடைய உழைப்பை மறைக்கிறது. அந்த உழைப்புக்கு இடம் கொடுத்த சமூக ஏற்பாட்டையும் மறைக்கிறது. இரண்டையும் ஓர் எண்ணை வைத்தே பேசிப் பார்க்கலாம்.

6746328388800. இதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 10080. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் கிடையாது. சின்ன உதாரணம் 12: அதற்கு ஆறு வகுத்திகள், அதற்குக் கீழே எதற்கும் ஆறு இல்லை. 1915இல் லண்டன் கணிதக் கழக இதழில் இராமானுஜன் இத்தகைய எண்களை ஆராய்ந்து எழுதிய நீண்ட கட்டுரையின் அட்டவணை, இந்த 13 இலக்க எண்ணோடு முடிகிறது. 2ஐ ஆறுமுறை, 3ஐ நான்குமுறை, 5ஐயும் 7ஐயும் இருமுறை, 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒருமுறை பெருக்கினால் இது வந்துவிடும். சாமி சொன்ன ரகசியம் எதுவும் இதில் இல்லை; அசராத உழைப்பு இருக்கிறது.

எத்தனை விதமாகப் பங்கு போடலாம் என்பது களத்துமேட்டுக் கேள்வியும்தான். ஒரு கலத்துக்கு 96 படி. 100க்கு 9 வகுத்திகள், 96க்கு 12. நெல்லை அளந்து கொட்டியவர்களும் படி நெல்லைக் கூலியாக வாங்கியவர்களும் இந்தப் பங்கீட்டைக் கைவழியாகவே அறிந்தவர்கள். ஏடுதான் அவர்கள் கையில் இல்லை.

2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று சின்னசேலமும் இருக்கிறது, திருக்கோவிலூரும் இருக்கிறது. 1910இல் இரண்டும் தென்னார்க்காடு. கல்லூரித் தேர்வில் தோற்று வேலைக்கு அலைந்த இராமானுஜன், அந்த ஆண்டு திருக்கோவிலூரில் துணை ஆட்சியராயிருந்த வி. ராமஸ்வாமி ஐயரிடம் நோட்டுப் புத்தகத்தோடு போய் குமாஸ்தா வேலை கேட்டார். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் இந்த ஐயர். நோட்டைப் புரட்டியவர், இந்த ஆளைத் தாலுகா ஆபீசில் முடக்கக்கூடாதென்று சென்னைக்கு, பி.வி. சேஷு ஐயரிடம் அனுப்பினார். பிறகு ஆர். ராமச்சந்திர ராவின் உதவி, 1912இல் துறைமுகக் கழகத்தில் வேலை, 1914இல் கேம்பிரிட்ஜ்.

வறுமை உண்மை. ஆனால் அந்த வறுமைக்குத் தட்டக் கதவுகள் இருந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் சொந்தச் சாதிப் பெயர்கள் இருந்தன. அதே தென்னார்க்காட்டில் ஒரு படியாள் வீட்டுப் பிள்ளை எந்த நோட்டை எடுத்துக்கொண்டு எந்த ஆபீசுக்குள் நுழைந்திருக்க முடியும்? இதைக் கேட்பதால் இராமானுஜன் சிறுத்துப்போக மாட்டார்.

அவருடைய அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. அதற்கு 5040 வகுத்திகள். கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பது. பின்வந்தவர்கள் திரும்ப எண்ணியதால்தான் அது தெரிந்தது. ஓர் எண்ணை இந்த வகையில் உயர்ந்தது என்று சொல்ல, அதற்குக் கீழுள்ள அத்தனையையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். நம் மேதைமை வரலாறு கீழே இருந்தவர்களை எண்ணாமலேயே அட்டவணையை முடித்துவிட்டது. திரும்ப எண்ணும் வேலை நமக்கு மிச்சமிருக்கிறது.