வானத்திலிருந்து இறங்கிய டாக்டர்

எங்க கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. மழையை நம்பிப் பருத்தியும் உளுந்தும் விதைக்கிற குடும்பங்கள்ல ஒரு பையன் பட்டாளத்துக்குப் போறது சகஜம். பட்டாளத்துக்காரர்னு சொன்னதும் நமக்குக் கண் முன்னாடி வர்றது துப்பாக்கி. இன்னிக்கு நான் சொல்லப்போறவர் பேர் வாங்கினது ஆபரேஷன் கத்தியால.

பேரு ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். ராணுவ டாக்டர். 1941-இல் கராச்சியில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இரண்டு இந்தியர்களில் ஒருவர்.

1950-இல் கொரியப் போர் தொடங்குது. ஐ.நா. கேட்டபோது பல நாடுகள் சண்டைப் படையை அனுப்பின. நேருவின் அரசு அனுப்பினது 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவை. சுமார் 340 பேர். தலைமை, லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ்.

நவம்பரில் போய் இறங்குறாங்க. சீனப் படை முன்னேற, டிசம்பரில் பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்கச் சொல்லி உத்தரவு. ஆனா வண்டி கிடையாது. மருந்தையும் கருவிகளையும் விட்டுட்டுப் போனா, அப்புறம் வைத்தியம் எதை வச்சுப் பார்க்கிறது? ஒரு பழைய நீராவி எஞ்சினைக் கண்டுபிடிச்சு, வாளி வாளியாத் தண்ணி ஊத்தி, தாங்களே ரயிலை ஓட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

அடுத்தது 1951 மார்ச் 23. அமெரிக்காவின் 187-வது பாராசூட் படை, 3,000-க்கும் மேற்பட்ட வீரர்கள், சியோலுக்கு வடக்கே முன்சான்-னியில் குதிக்கிறாங்க. அவங்களோட ரங்கராஜ் உட்பட 12 இந்தியர்களும் குதிக்கிறாங்க. சர்ஜன் ஏன் சண்டை நடுவுல குதிக்கணும்? வயித்துல குண்டு பட்டவனை மலைப் பாதையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற வரைக்கும் ரத்தம் காத்திருக்காது. அதனால ஆஸ்பத்திரியே அவன்கிட்ட போச்சு. அங்கேயே, குண்டுச் சத்தத்துக்கு நடுவுல, ஆபரேஷன் நடந்தது.

ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைச்சது. போர்க்களத்தில் பரம்வீர் சக்ராவுக்கு அடுத்த விருது. அவர் உயிரோட திரும்பி வந்தார். அதனாலயே தியாகம்னு பேசும்போது நமக்கு அவர் பேரு ஞாபகத்துக்கு வர்றதில்லைன்னு எனக்குத் தோணுது. யாரோ ஒரு நாட்டுச் சிப்பாய் பிழைக்கணும்னு தன் உயிரைப் பணயம் வச்சதும் தியாகம்தானே?

உங்க ஊர்ல பட்டாளத்துத் தாத்தா யாராவது இருந்தா, "எத்தனை பேரைச் சுட்டீங்க"ன்னு கேட்காதீங்க. "அங்கே என்ன வேலை பார்த்தீங்க தாத்தா?"ன்னு கேளுங்க.